நாபோத்தின் தோட்டமும் நமது கூத்துக்களரியும்

ஆலயத் திருவிழா நிறைவெய்திக் கொடியும் இறக்கப்பட்ட பின்னர், முன்றலில் களரி எழும்பும். பெண்கள் பாயும் போர்வையுங் கொண்டு வந்து நேரத்தோடு இடம் பிடிப்பார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தபடியே தூங்கி விழுவார்கள். மத்தளம் முழங்கும், கட்டியகாரன் வரவு கூறுவான், அண்ணாவியார் பாட்டெடுப்பார். சொத்திழந்து, மனைவியைப் பிரிந்து, மக்களையும் பறிகொடுத்து அலையும் எஸ்தாக்கியாரைக் கண்டு விடிய விடிய ஊர் அழும். கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த நம் முதியோரின் மனத்தை விட்டு இக்காட்சி என்றும் நீங்காது.

அன்று ஊரவர் கண்ணீர் விட்டது என்றோ வாழ்ந்த உரோமைப் படைத்தலைவர் ஒருவருக்காக. இன்று நமது கிணற்று நீர் கெட்டுப் போனால், நாம் வலை வீசுங் கடலில் நஞ்சு கலந்தால், அதே களரியில் நின்று அதற்காக அழவும், “இது யாருடைய செயல்?” என்று கேட்கவும் நம்மால் இயலுமா? இக்கேள்வியையே இவ்வாரம் நாம் ஆராய இருக்கின்றோம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். சுற்றாடலைப் பேணுதல் என்பது மரம் நடுவதும் கரையைத் துப்புரவாக்குவதும் போன்ற நற்செயல்கள். சுற்றாடல் நீதி என்பது இன்னும் ஒரு படி மேலே சென்று கேள்வி கேட்பதாகும். ஆதாயம் யாருக்குப் போகின்றது? அழுக்கு யாருடைய வாசலில் வந்து சேர்கின்றது? முடிவெடுத்தபோது அந்த வாசலில் இருப்பவரிடம் யாராவது கேட்டார்களா? இம்மூன்றுமே அக்கேள்விகள். ஊர் அரங்கு என்பது, வெளியிலிருந்து வந்த குழு ஒன்று ஆடிவிட்டுப் போகும் நாடகம் அன்று. ஊரவரே கதையை ஆக்கி, ஊரவரே ஆடி, ஊரவரே பார்த்து, முடிவில் ஊரவரே விவாதிக்கும் திறந்தவெளி நாடகம் அது.

தெருவில் நடித்த இறைவாக்கினர்

இதனைப் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. திருமறையை விரித்துப் பாருங்கள். எசேக்கியேல் ஒரு செங்கல்லை எடுத்து, அதில் எருசலேம் நகரை வரைந்து, அதற்கு எதிரே முற்றுகை மேடு அமைத்து, இரும்புத் தட்டொன்றை மதிலாக நிறுத்தினார் (எசே. 4). பிறிதொரு நாள் நாடுகடத்தப்படுபவனைப் போல மூட்டை கட்டி, மாலை மங்கும் நேரத்தில், எல்லாருங் காணச் சுவரைத் துளைத்து வெளியேறினார் (எசே. 12). அதைக் கண்ட மக்கள் அவர் என்ன செய்கின்றார் என்று வினவினார்கள். அந்த வினாவை எழுப்புவதற்காகவே அவர் அவ்வாறு நடித்தார்.

எரேமியா மூப்பர்களையும் குருக்களையும் அழைத்துக் கொண்டு இன்னோம் பள்ளத்தாக்குக்குச் சென்று, அவர்கள் கண்முன்னே மண்கலயத்தைப் போட்டுடைத்தார் (எரே. 19). பின்னர் நுகத்தடியைக் கழுத்திற் பூட்டிக் கொண்டு நடந்தார் (எரே. 27). பகைவர் நகரைச் சூழ்ந்திருந்த வேளையில், எவருமே காணி வாங்கத் துணியாத அந்த வேளையில், 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதி, ஆனதோத்தில் ஒரு வயலை வாங்கினார் (எரே. 32). இந்த மண்ணுக்கு இன்னும் ஒரு நாள் உண்டு என்ற நம்பிக்கையை அவர் நடித்தே காட்டினார்.

அதன் விலையையும் மறந்துவிடலாகாது. கலயத்தை உடைத்து வந்த எரேமியாவை ஆலய மேற்பார்வையாளனாகிய பஸ்கூர் அடித்துத் தொழுமரத்தில் மாட்டினான் (எரே. 20). மேடைக்கும் தண்டனைக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறுகியது.

நாத்தானும் நாபோத்தும்

தாவீது அரசன் பிறன் மனைவியைக் கவர்ந்து அவளுடைய கணவனையுங் கொல்வித்தான். அவனைக் கண்டிக்கச் சென்ற நாத்தான் நேரே குற்றஞ்சாட்டவில்லை. ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைக் கூறினார். தாவீது கொதித்தெழுந்து தீர்ப்பு வழங்கினான். அந்தத் தீர்ப்பு தன்மீதே விழுந்ததை அடுத்த கணமே உணர்ந்தான் (2 சாமு. 12). நல்ல நாடகம் செய்வதும் இதுவே. அது பார்ப்பவனை முதலில் நீதிபதியாக்கி, பின்னர் அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது.

நாபோத்தின் கதை (1 அரச. 21) நமக்கு இன்னும் நெருங்கியது. ஆகாபு மன்னனின் அரண்மனைக்கு அருகே நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. மன்னன் அதைக் கேட்டான். நல்ல விலையும், வேறு காணியுந் தருவதாகச் சொன்னான். முன்னோரின் உரிமைச் சொத்தை விற்க நாபோத்து மறுத்தார். பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். யெசபேல் படை எதனையும் அனுப்பவில்லை. கடிதம் எழுதினாள், முத்திரையிட்டாள், நோன்பு அறிவித்தாள், சபையைக் கூட்டினாள், பொய்ச் சாட்சிகள் இருவரை நிறுத்தினாள். எல்லாம் சட்டப்படியே, சமய ஆசாரப்படியே நடைபெற்றன. ஊர்ப் பெரியவர்கள் உடன்பட்டார்கள். சபையிற் கூடியிருந்தோர் எவரும் வாய் திறக்கவில்லை. நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். காணி பறிபோகும் வழி 3000 ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை.

அந்தச் சபையில் மௌனமாக இருந்தவர்களைப் பேச வைப்பது எப்படி? இதற்கு விடை தேடி நாம் ஆபிரிக்காவிலுள்ள ஒரு சிற்றூருக்குச் செல்வோம்.

காமிரிது: ஒன்றரை ஏக்கரின் கதை

கென்யாவின் தலைநகர் நைரோபிக்கு அண்மையிலுள்ள லிமுறு பகுதியில் காமிரிது என்னும் ஊர் இருக்கின்றது. 1950களில் பிரித்தானியர் மக்களை அவர்தம் காணிகளிலிருந்து பெயர்த்து அடைத்து வைத்த குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. தேயிலைத் தோட்டக் கூலிகள், சப்பாத்துத் தொழிற்சாலைத் தொழிலாளர், நிலமற்ற ஏழைகள் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். எழுத்தாளர் கூகி வா தியாங்கோ அவ்வூருக்கு அண்மையிலேயே குடியிருந்தார். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்து வந்தார்.

1976 இல் ஊர்ப் பெண் ஒருத்தி அவருடைய வீட்டுக்கு வந்து, படித்தவர்களாகிய நீங்கள் அந்தப் படிப்பில் சிறிதையாவது ஊருக்குத் தரக்கூடாதா என்று கேட்டாள். ஒரு முறையோடு விட்டுவிடவில்லை. வாரந்தோறும் வந்து கேட்டாள். நற்செய்தியில் வரும் நீதிபதியைத் தொந்தரவு செய்த கைம்பெண் நமக்கு நினைவுக்கு வரவில்லையா? அவ்வழைப்பை ஏற்று கூகி அங்கு சென்றார். முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்கிற்று. வகுப்பிலிருந்து நாடகம் பிறந்தது.

கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் எழுதிய அந்நாடகத்தின் பெயர் ‘நான் விரும்பும்போது மணம் முடிப்பேன்’ எனப் பொருள்படும். அதுவரை ஆங்கிலத்தில் எழுதி வந்தவர் இதனை ஊரவரின் தாய்மொழியாகிய கிக்கூயுவில் எழுதினார். எழுதிய பிரதியை ஊரவரிடம் வாசித்துக் காட்டியபோது அவர்கள் அதைத் திருத்தினார்கள். முதியவர் ஒருவர் இப்படிப் பேசமாட்டார் என்றார்கள். தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள் தாம் சுரண்டப்படும் விதத்தை விளக்கினார்கள். ஒத்திகை திறந்தவெளியிலேயே நடைபெற்றது. வழியாற் போகிறவர்களும் நின்று பார்த்துப் பிழை சொன்னார்கள். நாடகம் மேடையேறுமுன்னரே அது ஊரின் சொத்தாகிவிட்டது. அரங்கையும் அவர்களே கட்டினார்கள். தீக்குச்சிகளை நட்டு மாதிரி அமைத்துப் பார்த்து, பின்னர் ஏறத்தாழ 2000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்கை எழுப்பினார்கள்.

கதையோ எளிமையானது. கிகூண்டா என்னும் தோட்டத் தொழிலாளிக்கு ஒன்றரை ஏக்கர் காணி உண்டு. அதன் உறுதிப் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்துப் பெருமைப்படுவான். செல்வனாகிய கியோயியும் வெளிநாட்டு முதலாளிகளும் பூச்சிகொல்லித் தொழிற்சாலை ஒன்று அமைக்க அந்தக் காணியை விரும்புகின்றார்கள். கிகூண்டா விற்க மறுக்கின்றான். பின்னர் அந்தச் செல்வந்தர் குடும்பம் கிகூண்டாவின் திருமணம் கோவிலில் ஆசீர்வதிக்கப்படவில்லை என்று குற்றங்கூறி, முறைப்படி கோவிலில் மணஞ் செய்யத் தூண்டுகின்றது. ஆடம்பரத் திருமணத்துக்குப் பணம் வேண்டுமே! காணியை வங்கியில் ஈடு வைக்கின்றான். கடன் மீளவில்லை, வேலையும் போகின்றது, காணி ஏலத்துக்கு வருகின்றது. பூச்சிகொல்லித் தொழிற்சாலைக்கு இடம் கிடைத்துவிடுகின்றது. நாபோத்தின் தோட்டம் மீண்டும் பறிபோயிற்று; நோன்பு அறிவித்த யெசபேலின் இடத்தில் இங்கே திருமணச் சடங்கு நிற்கின்றது.

இதனை வாசிக்குங் கிறிஸ்தவருக்குச் சற்று முகஞ் சுளிக்கத் தோன்றலாம். நாடகத்தில் வரும் செல்வர்கள் பக்தியுள்ள கிறிஸ்தவர்களாகவே காட்டப்படுகின்றனர். கூகியின் கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் அருட்சாதனத்தின் பெயரால் ஏழை ஒருவனைக் கடனாளியாக்கும் ஆடம்பரம் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? நாத்தான் விரல் நீட்டியது அரசனை நோக்கி. இந்நாடகம் விரல் நீட்டுவது நம்மை நோக்கி.

1977 ஒக்டோபர் 2 ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. தூர இடங்களிலிருந்தும் மக்கள் வாகனங்களில் வந்து பார்த்தார்கள். ஆறு வாரங்கள்தாம் சென்றன. நவெம்பர் 16 ஆம் நாள் அனுமதி இரத்துச் செய்யப்பட்டது. டிசெம்பர் 31 ஆம் நாள் கூகி கைது செய்யப்பட்டு, வழக்கு விசாரணை எதுவுமின்றி ஓராண்டளவு தடுத்து வைக்கப்பட்டார். மலசலகூடக் கடதாசியில் தாய்மொழியில் நாவல் எழுதியது அச்சிறையில் இருந்தபோதுதான். 1982 மார்ச்சில் காவற்படையினர் வந்து அந்தத் திறந்தவெளி அரங்கையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

ஆங்கிலத்தில் அதிகாரத்தைக் கண்டித்து நூல்கள் எழுதிய காலத்தில் கூகியை எவரும் சிறையிலிடவில்லை. ஊரவர் தமது மொழியில், தமது முற்றத்தில், தமது கதையைத் தாமே ஆடியபோதுதான் அதிகாரம் அஞ்சியது. கூகி 2025 மே மாதத்தில் காலமானார். பலகையும் மூங்கிலும் இடிக்கப்பட்டன. அங்கு நடந்த காரியம் இன்றும் உலகெங்கும் பாடமாகப் படிக்கப்படுகின்றது.

மேடைக்கு ஏறிய பெண்

இன்னொரு பாடம் தென் அமெரிக்காவிலிருந்து வருகின்றது. பிறேசில் நாட்டு நாடகாசிரியர் ஒகுஸ்தோ போவால் (1931–2009) 1971 இல் கைதாகி, சித்திரவதைக்குள்ளாகி, பின்னர் நாட்டை விட்டு வெளியேறினார். 1973 இல் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றினார். ஒரு நாள் கணவனால் ஏமாற்றப்பட்ட பெண் ஒருத்தியின் கதை நடிக்கப்பட்டது. அவள் என்ன செய்யவேண்டும் என்று பார்வையாளரிடம் கேட்டு, அவர்கள் சொன்னபடி நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் திருப்தி ஏற்படவேயில்லை. எத்தனை தரம் நடித்தும், தான் சொன்னது அதுவன்று என்றாள். பொறுமையிழந்த போவால், அப்படியானால் நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்றார். அவள் ஏறினாள், விளக்குமாற்றையும் எடுத்தாள். எஞ்சியதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அன்று தொடக்கம் பார்ப்பவரும் எழுந்து வந்து, பாத்திரத்தின் இடத்தை எடுத்து, வேறு வழியை நடித்துக் காட்டும் முறை பிறந்தது. இதனை விவாத அரங்கு என்கின்றனர். கருத்துக் கூறுவது எளிது. களரியில் ஏறி அதனைச் செய்து பார்க்கும்போதுதான் அதிலுள்ள இடர்ப்பாடு தெரியும். அந்த வகையில் இது நாளைய செயலுக்கு இன்றைய ஒத்திகை.

போவால் தம் தோல்வி ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். பிறேசிலின் வடகிழக்கில், மண்ணுக்காக இரத்தம் சிந்துவோம் என்று விவசாயிகளுக்கு முன்னே அவருடைய குழு முழங்கியது. நாடகம் முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி அவர்களை அன்போடு அணைத்து, உங்கள் துப்பாக்கிகளையும் எடுத்துக் கொண்டு வாருங்கள், எமது காணியைப் பறித்தவனை எதிர்க்கப் போவோம் என்றார். இவை வெறும் நாடகத் துப்பாக்கிகள் என்றார்கள் நடிகர்கள். பரவாயில்லை, எங்களிடம் மெய்யானவை உண்டு, நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார் அவர். நடிகர்கள் தயங்கினார்கள். அப்படியானால் நீங்கள் பாடிய இரத்தம் எங்களுடையதா என்று அம்மனிதர் கேட்டார். தான் ஏற்கத் தயாரில்லாத ஆபத்தைப் பிறருக்கு உபதேசிக்கக் கூடாது என்பதை அன்று கற்றுக் கொண்டதாகப் போவால் கூறுகின்றார். பிரசங்கம் செய்யும் குருவானவருக்கும், கட்டுரை எழுதும் நமக்கும் பொருந்தும் பாடம் இது.

நமது முதுசொம்

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். 1223 இல் அசிசியாரான புனித பிரான்சிஸ் கிரேச்சியோவில் மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு ஊரவர் நடுவே கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கினார். அதே புனிதரை 1979 இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் சுற்றாடல் ஆர்வலரின் பாதுகாவலராக அறிவித்தார். ஜெர்மனியின் ஒபரம்மர்காவ் ஊரவர் கொள்ளைநோய்க் காலத்தில், 1633 இல் செய்த நேர்த்தியின்படி இன்றும் பத்தாண்டுக்கு ஒருமுறை திருப்பாடுகளை ஆடி வருகின்றனர்.

நம்மிடமும் குறைவில்லை. யாழ்ப்பாணக் கரையோரத்திலும் மன்னாரிலும் நாட்டுக்கூத்து ஆலயத்தோடு இணைந்தே வளர்ந்தது. 1965 இல் நீ. மரியசேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியைப் பேரரங்குகளுக்குக் கொண்டு சென்றது. 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் அக்காலத்து மக்களின் வேதனையை மேடையேற்றியது. கூத்து ஆடுபவர் கூலிக்கு வந்த நடிகரல்லர். பகலில் வலை இழுப்பவரும் தோட்டம் கொத்துபவருமே இரவில் அரசராயினர். காமிரிது மக்கள் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது நம் முன்றலில் ஏற்கனவே இருக்கின்றது. வட்டக்களரியிற் பார்ப்போரும் ஆடுவோரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். நம்மிடம் இல்லாதது ஒன்றுதான்: கூத்து முடிந்த பின்னர் மங்களம் பாடிக் கலைந்து போகின்றோம், அமர்ந்து பேசுவதில்லை.

பேசவேண்டிய பொருள்

பேசுவதற்குப் பொருள் இல்லையா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுங் கிடையாது. மாரிமழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. அதுவே நமது கிணறு. ஒருவர் காணியில் ஊற்றியது இன்னொருவர் வாளியில் வரும். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி பெரிதாக எழுந்த வேளை, குழந்தைகளுக்குக் கொடுக்கும் தண்ணீரையே தாய்மார் ஐயத்தோடு பார்த்த நாட்களை நாம் மறக்கவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது.

கடலுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியது. ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்ரிக் மணிகளை அது ஏற்றியிருந்தது. நீர்கொழும்புக் கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல தொழிலின்றித் தவித்தன. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. வடகடலில் இழுவைமடி அடித்தளத்தையே வாரிச் செல்கின்றது. 2017 இல் நம் நாடு அதனைச் சட்டத்தால் தடைசெய்தும் பிரச்சினை தீரவில்லை. மன்னார்த் தீவில் காற்றாலைகள், கனிய மணல் அகழ்வு ஆகியன குறித்து 2025 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

இவ்வழக்குகளை வென்றது நாடகமல்ல, சட்டம். ஆனால் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். கிணற்றில் மணம் வந்த முதல் நாளைக் குறித்து வைத்த ஒருவர் வேண்டும்; அஞ்சாமல் கையொப்பமிட அயலவர் நால்வர் வேண்டும். நாபோத்தின் ஊரிற் காணாமற் போனது இதுவே. ஊர் அரங்கு இத்தகைய சாட்சிகளை உருவாக்கும் பட்டறை. பிரான்சிஸ் பாப்பரசர் 2015 மே மாதத்துச் சுற்றுமடலில் பூமியின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் பிரித்துக் கேட்க முடியாது என்று கற்பித்தார். அந்த ஓலத்தை ஊர் கேட்கும்படி செய்ய ஓர் இடம் வேண்டுமல்லவா?

ஒரு மாதிரி

பங்கின் இளைஞரும் மாதர் சங்கத்தினரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு நாடகத்தைக் கற்பனையாகத் தருகின்றோம். ஊரிற் கல் அகழ்ந்து கைவிடப்பட்ட குழி ஒன்று. அதன் உரிமையாளர் கழிவெண்ணெய் கொட்டப் பணம் வாங்குகின்றார். அவர் கெட்டவர் அல்லர். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கொடுப்பவரும் அவரே.

மருமகள்: மாமி, தண்ணியில என்னவோ மணம் வருகுது.

மாமி: வாளியை வடிவாக் கழுவியிருக்க மாட்டாய், பிள்ளை.

மருமகள்: மூண்டு நாளாக் கழுவிறன் மாமி. கிணத்தை எட்டிப் பாருங்கோ, மேல படை படையா மிதக்குது.

(இருவரும் உரிமையாளரிடம் செல்கின்றனர். அயலிலுள்ள முதியவரும் வருகின்றார்.)

உரிமையாளர்: அது என்ர காணி, அக்கா. என்ர காணிக்குள்ள நான் என்னவுங் கொட்டுவன்.

முதியவர்: காணி உன்ரதான் தம்பி. அடியில ஓடுற தண்ணி ஆருடையது?

இவ்விடத்தில் நிறுத்துங்கள். முடிவு சொல்ல வேண்டாம். அண்ணாவியாரோ, பொறுப்பாக ஒருவரோ களரிக்கு வந்து சபையிடம் கேட்கட்டும்: “இப்ப மாமி என்ன செய்யவேணும்?” சொல்பவர் எழுந்து வந்து மாமியின் இடத்தில் நின்று செய்து காட்டட்டும். ஒருவர் சத்தம் போட்டுப் பார்ப்பார். உரிமையாளர் கோபித்துக் கதவைச் சாத்துவார். ஒருவர் பங்குத்தந்தையிடம் போவார். ஒலிபெருக்கி போய்விடும் என்று பங்குச் சபையில் ஒருவர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பையும் நடித்துக் காட்டுங்கள். அங்கேதான் உண்மை இருக்கின்றது. இன்னொருவர் போத்தலில் தண்ணீர் எடுத்து, நாளையும் நேரத்தையும் எழுதி, அயலவரையும் சேர்த்துக் கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கிராம அலுவலரிடமும் போவார். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்து எங்கே? 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகார சபை உண்டு. பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றை நாடும் வழியும் உண்டு. அடிப்படை உரிமை மனுவெனில் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்யப்பட வேண்டும். இத்தகவல்களை அறிந்த ஒருவர் சபையில் இருப்பது நன்று.

கடைசியாக, லொறியிலிருந்து எண்ணெயை ஊற்றும் கூலித் தொழிலாளியாகவும் ஒருவர் நடிக்கட்டும். அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவனுடைய நாட்கூலியைப் பறித்துவிட்டு நீதி கிடைத்துவிட்டது என்று நாம் மகிழ முடியாது.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, மேடையில் ஆளைப் பெயர் சொல்லிப் பழிக்கலாகாது. அது பிறர்மீது அவதூறு கூறாதே என்ற கட்டளைக்கு எதிரானது. நீர் பரிசோதிக்கப்பட்டு முடிவு வருமுன்னர் தீர்ப்புக் கூறவுங் கூடாது.

இரண்டாவது, ஏழையே அழுக்கின் காரணம் என்று காட்டும் நாடகங்களைத் தவிர்க்க வேண்டும். பணங்கொடுப்பவர் பொருளையும் முடிவையும் முன்கூட்டியே நிர்ணயித்தால், அது ஊர் அரங்கன்று, விளம்பரம்.

மூன்றாவது, நம்மை நாமே சோதிக்க வேண்டும். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா நம் கையால் இடப்படுவதே. அதுவும் கிணற்றுக்கே இறங்குகின்றது. திருவிழா முடிந்த மறுநாள் ஆலய வளவிற் பறக்கும் பிளாஸ்ரிக் பைகள் யாருடையவை? அதைக் காணாத நாடகம் பரிசேயனின் செபமாகிவிடும்.

நான்காவது, ஆபத்தை எடைபோட வேண்டும். காமிரிது நமக்கு ஊக்கமும் தருகின்றது, எச்சரிக்கையும் விடுக்கின்றது. ஆடுகின்ற தொழிலாளி மறுநாள் வேலை இழந்தால் அவருடன் நிற்கப் போவது யார் என்பதை ஒத்திகையின் முதல் நாளே தீர்மானித்துக் கொள்ளுங்கள். விர்ஜிலியோவின் கேள்வியை எவரும் நம்மிடம் கேட்கும் நிலை வரலாகாது.

செப்டெம்பர் முதலாம் நாள் தொடக்கம், புனித பிரான்சிஸ் திருநாளாகிய ஒக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகின்றது. அக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை போதும். மேடை வேண்டாம், ஆலய முன்றலின் வேப்பமரத்தடியே போதும். எரேமியாவுக்கு ஒரு மண்கலயம் போதுமாயிருந்தது. நமக்கு ஒரு வாளி கிணற்று நீர் போதாதா?

குடும்பத்திலும் அன்பியத்திலும் சிந்திக்க:

1. நாபோத்து விசாரிக்கப்பட்ட சபையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நம் ஊரில் அப்படி நாம் மௌனமாயிருந்த சந்தர்ப்பம் உண்டா?

2. நம் வீட்டுக் கிணற்றின் நீர், நம் தாத்தா பாட்டி காலத்தில் இருந்தது போலவே இருக்கின்றதா? முதியவர் ஒருவரிடம் கேட்டு, பிள்ளைகள் எழுதி வைக்கட்டும்.

3. ஆடம்பரத் திருமணத்துக்காகக் காணியையோ நகையையோ ஈடு வைத்த குடும்பம் நம் அயலில் இருந்தால், அவர்களுக்கு நாம் எவ்வாறு உதவலாம்?

4. மேலே தந்த மாதிரி நாடகத்தை வீட்டிலேயே ஒரு தரம் நடித்துப் பாருங்கள். உரிமையாளரின் பாத்திரத்தை வீட்டிற் பெரியவர் ஏற்கட்டும். மாமியின் இடத்துக்கு ஒவ்வொருவராக வாருங்கள்.